ஆசிரியர் எக்ஸின் கலியாணம்

சூசைதாசன் ஆளுநரான செய்தி அவருடைய ஊரான வங்காலைக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே இரண்டு வீட்டில் வெடி கொளுத்தினார்கள். அது போர் நின்றிருந்த சமாதான காலம். வெடிச் சத்தத்துக்கு யாரும் பயந்து ஓடவில்லை. லண்டனில் ஒரு தமிழனை ஆளுநராகப் போட்டுவிட்டார்கள் என்று அவருடைய மச்சான் சந்தைவரைக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தான். எந்த மாகாணத்துக்கு என்று கேட்டவர்களுக்கு, "ஃபாரஸ்ட் கேட்" என்று பதில் சொன்னான்.

உண்மையில் அது ஃபாரஸ்ட் கேட்டில் இருந்த புனித கசியான் கத்தோலிக்க ஆரம்பப் பாடசாலையின் ஆளுநர் சபை. புனித கசியான் ஒரு வாத்தியார். தன் மாணவர்களாலேயே எழுத்தாணிகளால் குத்திக் கொல்லப்பட்டவர். ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஏன் இந்தப் பெயர் என்று சபையில் எவரும் கேட்டதில்லை. சபை மாலை நேரங்களில் கூடும். தேநீரும் பிஸ்கற்றும் கொடுப்பார்கள். பங்குக் கோயிலுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் தமிழர்களாகிவிட்ட பிறகும் சபையில் ஒரு தமிழ் முகம்கூட இல்லை என்று மறைமாவட்டம் குறை சொன்னதால், பங்குச் சுவாமியார் ஒரு ஞாயிறு பூசை முடிந்து வாசலில் நின்று, வெளியே வந்த முதல் தமிழரைப் பிடித்தார். அது சூசைதாசன். ஈஸ்ட் ஹாமில் கார் பழக்குபவர்.

சபையில் அவர் கற்றுக்கொண்ட வேலை ஒன்றே ஒன்றுதான். ஒருவர் எதையாவது முன்மொழிவார். பிறகு எல்லோரும் மேசையைப் பார்ப்பார்கள். வழிமொழிய ஒரு கை வேண்டும். கூட்டம் முடிந்தால்தான் அடுத்த ஆளுக்குக் கார் பழக்கப் போகலாம் என்பதால் அந்தக் கை எப்போதும் சூசைதாசனுடையதாக இருந்தது. மைதானத்துக்கு மணல், சமையலறைக்குப் புதுக் குளிர்பெட்டி, நத்தாருக்குப் போடும் பாலன் பிறப்பு நாடகத்துக்கு ஒட்டகம் வேண்டாம் என்ற தீர்மானம், எல்லாம் அவர் கையால் நிறைவேறியவை. அவருடைய மகன் றூபன் அதே பாடசாலையில் நாலாம் வகுப்புக்குப் படிப்பித்தான். அதில் அவருக்கு வெளியே சொல்லாத பெருமை ஒன்று இருந்தது.

2007ஆம் ஆண்டு வசந்தகாலக் கூட்டத்தில் தலைவர் பெல்லமி, காப்புறுதிக் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அடுத்தது ஆசிரியர் எக்ஸ்," என்றார்.

சூசைதாசன் அந்தப் பெயரில் யார் இருக்கிறார் என்று யோசித்தார். கிரேக்க நாட்டுக்காரராக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டார்.

"ஆசிரியர் எக்ஸ் ஜூன் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை விடுப்புக் கேட்டிருக்கிறார்," என்றார் பெல்லமி. "காரணம் என்ன என்று பாடசாலை அதிபர் வழமைபோலக் கேட்டார். துரதிர்ஷ்டவசமாக, அவர் பதில் சொல்லிவிட்டார்."

அறையில் ஒரு சின்னப் பெருமூச்சு எழுந்து அடங்கியது.

"பல்வைத்தியரிடம் போகிறேன் என்று சொல்லியிருக்கலாம்," என்றார் அதிபர் அம்மா, மெய்யான வருத்தத்தோடு. "நான் சந்தர்ப்பம் கொடுத்தேன். பல்லா என்றுகூடக் கேட்டேன். இல்லை, நானும் ஒரு ஆணும் பதிவு செய்துகொள்ளப் போகிறோம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்."

மறைமாவட்டத்தின் சட்ட ஆலோசகர் ஹார்கிரீவ் கோப்பைத் திறந்தார். அவர் பேசும்போது இரண்டு கைகளையும் தராசுத் தட்டுகளைப்போல வைத்துக்கொள்வார்.

"இரண்டு ஆண்கள் பதிவு அலுவலகத்துக்குப் போய் சிவில் பார்ட்னர்ஷிப் செய்துகொள்ள அரசாங்கம் இப்போது அனுமதிக்கிறது. அது திருமணம் அல்ல. சட்டமே அது திருமணம் அல்ல என்று சொல்கிறது. அந்த மட்டில் திருச்சபையும் அரசும் ஒரே கருத்து. திருமணம் அல்லாத ஒன்றை ஒருவர் செய்தால் எங்களுக்கு என்ன வந்தது? ஆனால் பார்க்கிறவர்கள் அதைத் திருமணம் என்று நினைப்பார்கள். கேக் வெட்டுவார்கள். துர்மாதிரிகை அங்கேதான் ஆரம்பிக்கிறது."

"கேக்கிலா?" என்று கேட்டார் சூசைதாசன்.

"கேக்கும் ஒரு காரணி."

உள்ளூர்க் கவுன்சிலின் சமத்துவ அதிகாரி மிஸ் டாலிமோர் கையை நெஞ்சில் வைத்தார். "கவுன்சில் ஆசிரியர் எக்ஸைக் கொண்டாடுகிறது. முழு மனதோடு கொண்டாடுகிறது. அவரைப் போன்றவர்களுக்காக நாங்கள் ஒரு சுவரொட்டியே அடித்து வைத்திருக்கிறோம். சிக்கல் என்னவென்றால், இந்தப் பாடசாலையின் சம்பளம் எங்களுடையது, சுவர் மறைமாவட்டத்துடையது. ஆகவே அதை அவருடைய சம்பளத் துண்டின் பின்பக்கத்தில் சின்னதாக அடிக்கலாமா என்று யோசிக்கிறோம்."

சூசைதாசனுக்கு அந்தக் கிரேக்கரில் இரக்கம் வந்தது. "அவர் நன்றாகப் படிப்பிப்பாரா?" என்று கேட்டார்.

"அந்தக் கேள்வி இந்த விடயத்துக்குள் வராது," என்றார் பெல்லமி. "ஆசிரியர் எக்ஸ் தொடர்ந்து பணியாற்றத் தகுந்தவரா என்று விசாரிக்க ஒரு குழு அமைக்க வேண்டுமென முன்மொழிகிறேன். யாராவது வழிமொழிகிறீர்களா?"

எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். சூசைதாசனின் கை மேலே போனது.

வழக்கமாக அந்தக் கையை யாரும் கவனிப்பதில்லை. அன்று எல்லோரும் கவனித்தார்கள். அதிபர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மிஸ் டாலிமோரின் கண்கள் கலங்கின. "நன்றி, சூசைதாசன். மிகத் துணிச்சலான செயல்," என்று சொல்லி, பெல்லமி பிஸ்கற் தட்டை அவர் பக்கம் தள்ளினார்.

வீட்டில் புட்டும் மீன்குழம்பும். சாப்பிட இருந்தபோது சூசைதாசன் கதையைத் தொடங்கினார்.

"பாவம், ஆரோ ஒரு மாஸ்டர். எக்ஸ் எண்டு பேராம். ஆம்பிளையும் ஆம்பிளையும் றெஜிஸ்ரர் பண்ணப்போறாராம். லீவு கேட்ட இடத்தில உள்ளதைச் சொல்லிப்போட்டார். பல்லுக்கொதி எண்டு சொல்லியிருந்தா ஆருக்குத் தெரியும்?"

"பிறகு?" என்றான் றூபன்.

"பிறகென்ன, விசாரிக்கக் குழு. ஒருத்தரும் கை தூக்கேல்லை. நேரமும் போகுது. நான் தூக்கிவிட்டன்."

றூபன் கையைக் கழுவிவிட்டு வந்து திரும்பவும் அதே கதிரையில் இருந்தான். "அப்பா, அது நான்தான்."

"எது நீ?"

"எக்ஸ்."

சூசைதாசன் மனைவியைப் பார்த்தார். டொலறஸ் சட்டியில் ஒட்டியிருந்த குழம்பை அகப்பையால் வழித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமோ?"

"ஒரு வருசமா நவநாள் செபிக்கிறன். என்னத்துக்கெண்டு நீங்கள் ஒரு நாளாவது கேட்டனீங்களோ? றெஜிஸ்ரர் பண்ணுற கதை மட்டும் எனக்கும் புதுசு."

"இண்டைக்கு உங்களுக்குச் சொல்லத்தான் இருந்தனான்," என்றான் றூபன். "நீங்கள் இருக்கிற கூட்டத்தில இதை எடுக்கமாட்டினம் எண்டு நினைச்சன்."

சூசைதாசன் புட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு, "ஆர் பொடியன்?" என்று கேட்டார்.

"கௌசிகன். நீங்கள்தான் அவனுக்குக் கார் பழக்கினீங்கள்."

"ஆர், ரவுண்டபவுட்டில காரை நிப்பாட்டிப்போட்டு அழுதவனோ?"

"ஓம்."

"சைவப் பொடியன்," என்றாள் டொலறஸ், அதுதான் இந்த விடயத்தின் ஆகப் பெரிய குறை என்பதுபோல. "இத்தனை பெடியள் பூசைக்கு வாறாங்கள். ஒரு வேதக்காரப் பிள்ளை உனக்குக் கிடைக்கேல்லையோ?"

சூசைதாசன் வெளியே போய், கூரையில் பழகுநர் பலகை வைத்த தன் காருக்குள் ஏறி இருந்தார். மகன் சொன்னதை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. அதற்கான இடம் அவர் மனதில் யாரும் கட்டி வைக்காத இடம். ஆனால் மற்றது தெளிவாகத் தெரிந்தது. அந்த மேசையைச் சுற்றி இருந்த ஒவ்வொருவருக்கும் எக்ஸ் யார் என்று தெரிந்திருந்தது. அவருடைய கை மேலே போவதை அவர்கள் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். பார்த்துவிட்டு பிஸ்கற் தந்தார்கள். அவர் அதைத் தின்றும் விட்டார்.

உள்ளே வந்து மகனுக்கு முன்னால் நின்றார். "எனக்கு இது விளங்கேல்லை. விளங்கின மாதிரி நடிக்கவும் ஏலாது. நான் அங்க வரமாட்டன். ஆனா அந்தக் கையைத் திருப்பி எடுப்பன்."

மறுநாள் தலைவருக்குத் தொலைபேசி எடுத்து, எக்ஸ் தன் மகன் என்றார்.

"நீங்கள் இதை எனக்குச் சொல்லியிருக்கக் கூடாது," என்றார் பெல்லமி. "உங்களுக்குத் தெரியாதவரை நீங்கள் நடுநிலையானவர். உங்களுக்குத் தெரிந்துவிடாமல் நாங்கள் எல்லோரும் எவ்வளவு கவனமாக இருந்தோம்! இப்போது உங்களுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். இதை எப்படிச் சரிசெய்வது?"

"நான் உயர்த்திய கையைத் திருப்பி எடுக்க வேண்டும்."

"அது பதிவாகிவிட்டது. உயர்த்திய கை சபைக்குச் சொந்தம். அதை மீளப்பெற ஒரு பிரேரணை வேண்டும். அந்தப் பிரேரணையை ஒருவர் வழிமொழிய வேண்டும்."

"யார் வழிமொழிவார்கள்?"

பெல்லமி நேர்மையாக யோசித்தார். "வழமையாக அதை நீங்கள்தானே செய்வீர்கள்."

அடுத்த கூட்டத்துக்குள் இரண்டு ஆளுநர்கள் வரவு நிறுத்திக்கொண்டார்கள். ஒருவருக்கு வேல்ஸில் விடுமுறைக்குத் தங்கும் காரவன் இருந்தது ஞாபகம் வந்தது. மற்றவருக்குப் பல்வைத்தியரிடம் போக வேண்டியிருந்தது. இதனால் சூசைதாசன் இல்லாமல் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான தலைக்கணக்கு, இல்லை. கோரம் இல்லாமல் அந்தச் சபையால் எதையும் செய்ய முடியாது. கோரம் இருந்தால் எதையும் செய்யும். எக்ஸின் தகப்பன் என்பதால் அவர் அறையில் இருக்கக்கூடாது. கோரம் என்பதால் இருந்தே ஆகவேண்டும். ஹார்கிரீவ் கோப்புகளைப் புரட்டி வழி கண்டார். சூசைதாசன் தாழ்வாரத்தில் இருக்கலாம், கதவு திறந்திருந்தால் போதும். ஆனால் அது தீ தடுப்புக் கதவு; திறந்து வைப்பது விதிமீறல். பாடசாலைக் காவலாளியை அழைத்து விசாரித்தார்கள். கதவுக்கு எதையாவது முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்தால்தான் குற்றம், ஒரு மனிதர் பிடித்துக்கொண்டு நின்றால் அது பிடிக்கப்பட்ட கதவு என்று அவர் விளக்கினார்.

அப்படியாக, முதலாம் வகுப்புப் பிள்ளைகளின் சின்னக் கதிரை ஒன்றில், முழங்கால் நாடியில் முட்ட, சூசைதாசன் தாழ்வாரத்தில் இருந்தார். கதவை வலது காலால் பிடித்துக்கொண்டார். அவருடைய வலது கால் கூட்டத்துக்குச் சமூகமளித்ததாகவும், மீதி சமூகமளிக்கவில்லை என்றும் எழுதப்பட்டது. எதுவும் காதில் விழாமலிருக்க அதிபர் அம்மா பிள்ளைகள் பாட்டுக் கேட்கும் ஹெட்போன் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார். அதை எதிலும் சொருகவில்லை.

அவருக்கு எல்லாம் கேட்டது.

"இந்தப் பாடசாலை எதன் மேல் நிற்கிறது?" என்று ஹார்கிரீவ் கேட்டார். குரல் தழுதழுத்தது. "பெற்றோரில் அரைவாசிப்பேர் பிள்ளைக்கு இடம் கிடைக்கும்வரை பூசைக்கு வருகிறார்கள். இடம் கிடைத்த அடுத்த ஞாயிறு அவர்களைக் காண முடியாது. நாங்கள் ஒரு வார்த்தை கேட்டோமா? விவாகரத்தாகி மறுமணம் செய்தவர்கள் இங்கே படிப்பிக்கிறார்கள், நிர்வகிக்கிறார்கள். கேட்டோமா?"

பெல்லமி இருமினார். அவருடைய இரண்டாவது மனைவி அப்போது அடுத்த அறையில் பாடசாலைச் சந்தைக்கு ஜாம் போத்தல்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏன் கேட்கவில்லை? அவர்கள் பண்பானவர்கள். அவர்கள் எங்களுக்கு எதையும் சொல்லவில்லை. இந்த நிறுவனம் நூறு வருடமாகச் சொல்லப்படாதவற்றின் மேல் அசையாமல் நிற்கிறது. இப்போது ஒரு இளைஞர் வந்து உண்மையைச் சொல்கிறார், கட்டடம் ஆடுகிறது! நாங்கள் அவரை வெறுக்கவில்லை. அவர் பொய் சொல்லியிருந்தால் நாங்கள் அவரை எவ்வளவு நேசித்திருப்போம்!"

மேசையில் தட்டி ஆமோதிக்கும் சத்தம் கேட்டது. பிறகு தீர்மானம் பிறந்தது. விடயம் யாருக்கும் தெரியவராமல் இருக்கும்வரை ஆசிரியர் எக்ஸ் பணியில் தொடரலாம். தெரியவந்தால் அவர் வாக்கு மீறியவர் ஆவார். கவுன்சிலின் சார்பில் மிஸ் டாலிமோர் இதை வரவேற்றார். "அந்தரங்கத்தைக் காப்பதும் ஒரு வகைக் கொண்டாட்டம்தான்," என்றார்.

யாருக்கும் தெரியவராமல் இருப்பதை எப்படி உறுதி செய்வது? எல்லாப் பெற்றோருக்கும் கடிதம் அனுப்பினார்கள். நாலாம் வகுப்பின் ஆண் ஆசிரியர் ஒருவருடைய சொந்த வாழ்க்கை பற்றியோ, ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றைப் பற்றியோ பெற்றோர் எதையும் அறிந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்றும், அறிந்தவர்கள் உடனே அறியாதவர்களாகும்படியும் அதில் கேட்கப்பட்டிருந்தது. பாடசாலையில் நாலாம் வகுப்புக்கு ஆண் ஆசிரியர் ஒருவர்தான்.

அன்று பின்னேரமே தமிழ்க் கடைகள் நிறைந்த ஹை ஸ்ட்ரீட் நோர்த் முழுவதற்கும் தெரிந்துவிட்டது. மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த பியற்றிஸ், பங்கின் மாதாசபைக்காரி, சூசைதாசனைக் கண்டதும் ஓடி வந்தாள்.

"சூசையண்ணை, உங்கட றூபனைப் பற்றி எங்களுக்கு ஒண்டும் தெரியக்கூடாதெண்டு கடிதம் வந்திருக்கு. எப்ப கலியாணம்?"

பிள்ளைகளும் கேட்டார்கள். லக்‌ஷிகா என்ற சிறுமி கணக்குப் பாடத்தில் எழுந்து நின்று, "சேர், நீங்கள் கல்யாணம் செய்யப் போகிறீர்களா?" என்றாள். ஓம் என்றால் வாக்கு மீறல். இல்லை என்றால் பொய். அது பத்துக் கட்டளைகளில் ஒன்றுக்கு எதிரானது, பாடசாலையின் ஒழுக்கக் கோவைக்கும் எதிரானது. இதற்காகவே ஹார்கிரீவ் ஒரு வாக்கியத்தை எழுதிக் கொடுத்திருந்தார். "அது நல்ல கேள்வி. இனிப் பின்னங்களைப் பார்ப்போம்."

பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். கொஞ்ச நாளில், வர்ணப் பெட்டியை உடைத்தது யார் என்று அதிபர் அம்மா கேட்டபோது நாலாம் வகுப்பு முழுவதும் ஒரே குரலில், "அது நல்ல கேள்வி, இனிப் பின்னங்களைப் பார்ப்போம்," என்றது. மதிய உணவில் கரட்டை மேசைக்குக் கீழே எறிந்தவனும் அதையே சொன்னான். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் ஒருவன் சுவாமியாரிடமே சொன்னதாகக் கேள்வி.

சூசைதாசனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருநாள் ஏதோ அலுவலாகப் பாடசாலைக்குப் போனபோது, திறந்திருந்த ஜன்னல் வழியாக மகன் அந்த வாக்கியத்தைச் சொல்வதைக் கேட்டார். பாடமாக்கியதை ஒப்புவிக்கும் குரல். பொய் சொல்லாதே, எது நடந்தாலும் உள்ளதைச் சொல் என்று அவனுக்குச் சொல்லி வளர்த்தவர் அவர். அவன் கேட்டுவிட்டான். அதுதான் நடந்த குற்றம். வீட்டிலும் அவன் பேச்சு குறைந்துபோயிற்று. இரண்டு பெற்றோர் தங்கள் பிள்ளைகளை வேறு வகுப்புக்கு மாற்றக் கேட்டிருந்தார்கள்.

"விட்டிட்டுப் போகலாம் போல கிடக்கு அப்பா," என்றான் ஒருநாள்.

"எதை?"

"வேலையை. கௌசிகனை இல்லை."

சூசைதாசன் தலையை மட்டும் ஆட்டினார். எதற்கு ஆட்டினார் என்று அவருக்கே தெரியாது.

விடயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால் எக்ஸ் வாக்கு மீறியவரானார். கடிதம் அனுப்பியது சபை அல்லவா என்று சூசைதாசன் தாழ்வாரத்திலிருந்து கேட்டார். வலது காலுக்குப் பேசும் உரிமை இல்லை என்று பெல்லமி நினைவூட்டினார். இறுதி விசாரணைக்கு எல்லோருக்கும் வசதியான நாள் ஒன்றுதான் கிடைத்தது. அந்த ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமை. எக்ஸ் நேரில் வரவேண்டும்.

"அன்று அவர் விடுப்பில் இருப்பாரே?" என்று யாரோ கேட்டார்கள்.

"விடுப்பு இன்னும் வழங்கப்படவில்லை," என்றார் பெல்லமி. "வழங்குவதா இல்லையா என்பதை அந்தக் கூட்டம்தான் தீர்மானிக்கும். அவர் வராவிட்டால் அனுமதியில்லாமல் வேலைக்கு வராதவர் ஆவார். அப்போது பணிநீக்கம் மிக எளிது. சமயம் என்ற சொல்லே தேவைப்படாது."

"அழகான வழி," என்றார் மிஸ் டாலிமோர், நிம்மதியாக. "சமத்துவப் பிரிவுக்கும் வேலை இருக்காது."

கூட்டம் நடக்க ஒன்றுதான் வேண்டும். கோரம்.

வெள்ளிக்கிழமை டொலறஸ் கூறைச்சேலையை எடுத்து உடுத்தாள். "நான் கையெழுத்து ஒண்டும் வைக்கப் போகேல்லை," என்றாள். "செபம் சொல்லத்தான் போறன். பிள்ளைக்கு வீட்டாலை ஒரு ஆள் வேண்டாமோ?" சூசைதாசன் அவளைப் பதிவு அலுவலகத்து வாசலில் இறக்கினார். அவர் பாடசாலைக்குப் போகவேண்டும்.

"நீங்கள் போங்கோ. கவனர் வேலை இருக்கெல்லே," என்றாள் அவள். குரலில் குத்தல் இல்லை. அதுதான் அவருக்குக் குத்தியது. அவள் படியில் தனியாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எஞ்சினை நிறுத்தினார்.

உள்ளே ஒரு சின்னத் தடங்கல். சாட்சி இரண்டு பேர் வேண்டும். கௌசிகனின் தங்கை லோஜினி ஒருத்தி. றூபனோடு படிப்பிக்கும் நண்பி மற்றவளாக வருவதாக இருந்தது. சாட்சியாக வருவது அறிந்திருப்பதற்குச் சமம் என்று பாடசாலை எச்சரித்ததால் அவள் வரவில்லை. பதிவாளர் கடிகாரத்தைப் பார்த்தபோது கதவு திறந்தது. றூபன் திரும்பிப் பார்த்தான்.

"சாட்சி என்ன செய்யவேண்டும்?" என்று சூசைதாசன் பதிவாளரிடம் கேட்டார்.

"ஒன்றும் இல்லை. நடப்பதைப் பார்க்கவேண்டும். பார்த்தேன் என்று கையெழுத்திட வேண்டும்."

"சரி என்று சொல்லத் தேவையில்லையா?"

"இல்லை. பார்த்தால் போதும்."

அவர் பார்த்தார். இரண்டு பெடியளும் கையெழுத்து வைத்தார்கள். கௌசிகன் அழுதான். சூசைதாசன் பேனையை வாங்கி, தன் முழுப்பெயரையும் எழுதினார்.

டொலறஸ் செபமாலையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அருள் நிறைந்த..." என்று தொடங்கவும் பதிவாளர் பதறிக்கொண்டு குறுக்கே வந்தார்.

"மன்னிக்க வேண்டும், அம்மா. இங்கே சமயம் சம்பந்தமான எதுவும் நடக்கக்கூடாது. சட்டம். எங்கள் இசைத் தட்டுகளில்கூடக் கடவுள் என்ற சொல் வராமல் பார்த்துக்கொள்கிறோம். நீங்கள் செபித்தால் இது சமயச் சடங்கு ஆகிவிடும். ஆகிவிட்டால் நடந்தது செல்லுமா என்று நான் மேலிடத்தில் கேட்கவேண்டி வரும்."

டொலறஸ் மகனிடம், "என்னவாம்?" என்றாள். அவன் சொன்னான். அவள் பதிவாளரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அங்க கோயிலுக்குள்ள இவையள் நிக்க ஏலாது. இஞ்ச ஆண்டவர் நிக்க ஏலாது. அப்ப இவை எல்லாரையும் சேர்த்து நான் எங்க கொண்டுபோய் நிப்பாட்டுறது? கேட்டுச் சொல்லு."

றூபன் மொழிபெயர்த்தான். பதிவாளர் நல்ல மனிதர், உண்மையாகவே யோசித்தார். "வாசற்படிவரை எங்களுடைய கட்டடம். அதற்கு அப்பால் நடைபாதை. அது வீதிப் பிரிவுக்குச் சொந்தம். அவர்களுக்கு இந்த விடயத்தில் கொள்கை எதுவும் இல்லை."

எல்லோரும் நடைபாதைக்கு இறங்கினார்கள். பேருந்துத் தரிப்பிடத்தில் நின்ற சனம் பார்த்துக்கொண்டு நின்றது. டொலறஸ் செபத்தை முதலிலிருந்து தொடங்கி, பேருந்து இரையும்போது குரலை உயர்த்தி, ஒரு சொல் விடாமல் சொல்லி முடித்தாள். மகனின் நெற்றியில் பெருவிரலால் சிலுவை போட்டாள். பிறகு கௌசிகனைப் பார்த்தாள். அவன் காலையில் பூசிய திருநீறு இன்னும் அழியாமல் இருந்தது. அவன் குனிந்தான். அவள் கொஞ்சம் தயங்கிவிட்டு, அந்த மூன்று குறிக்கு மேலேயே சிலுவையைப் போட்டுவிட்டு, விரலில் ஒட்டிய நீற்றைச் சேலையில் துடைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டாள்.

சூசைதாசனின் தொலைபேசி அடித்தது.

"சூசைதாசன், உங்கள் கால் இன்னும் வரவில்லை," என்றார் பெல்லமி. "எல்லோரும் காத்திருக்கிறோம். கதவைப் பிடிக்க ஆள் இல்லை."

"நான் என் மகனுடைய கல்யாணத்தில் நிற்கிறேன்."

"அந்தச் சொல்லைப் பாவிக்க முடியாது. சட்டப்படி அது கல்யாணம் அல்ல. பதிவுக்காகச் சொல்கிறேன், நான் அதைக் கேட்கவில்லை."

"கல்யாணம்," என்றார் சூசைதாசன், கார் பழக்குபவர் பிரேக்கை மிதி என்று கத்தும் குரலில். பேருந்துக்குள் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். "இப்போது கேட்டதா?"

கோரம் இல்லாததால் அன்று கூட்டம் நடக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு முன் தவணை முடிந்துவிட்டது. தீர்மானிக்கப்படாத ஒரு விடயம் எழுந்ததாகக் கொள்ள முடியாது என்று ஹார்கிரீவ் எழுதிக் கொடுக்க, அது எழவேயில்லை என்று சபை ஏகமனதாக ஏற்றுக்கொண்டது. றூபன் இன்னும் ஒரு வருடம் அங்கே படிப்பித்துவிட்டு, ஈஸ்ட் ஹாமில் கவுன்சில் பாடசாலை ஒன்றுக்குப் போனான். அங்கே மிஸ் டாலிமோரின் சுவரொட்டி எல்லா இடத்திலும் ஒட்டியிருக்கிறது, ஆண்கள் கழிவறைக் கதவிலும். அதற்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லி அவனை அடிக்கடி படம் எடுக்கிறார்கள். தனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று சூசைதாசன் சொல்வதில்லை. ஞாயிறு மத்தியானம் பெடியள் இரண்டு பேரும் சாப்பிட வருகிறார்கள்.

சபை அவரை நீக்கிவிட்டது. வராத ஆளுநர் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்ப வேண்டும், சபை அதைக் குறிப்பில் எழுதிக்கொள்ளும் என்பது அங்கே வழக்கம். அந்த வெள்ளிக்கிழமைக் குறிப்பில் காரவன்காரர் மன்னிப்புக் கோரியிருந்தார், பல்வைத்தியரிடம் போனவரும் கோரியிருந்தார். சூசைதாசனின் பெயருக்கு நேரே, "மன்னிப்புக் கோரவில்லை" என்று எழுதியிருந்தது.

அந்தச் சபை எழுதிவைத்ததில் அது ஒன்றுதான் முழு உண்மை.